நூறடிக்குள் செர்ரி கேக்

எங்கள் கெட்டில்பர்க் நகரத்தில் வாக்குப்பதிவை உயர்த்துவதற்கென்று ஓர் ஆணையம் வந்த பிறகுதான் ஓட்டுப் போட வந்தவர்களும் வாசலோடு திரும்பிப் போனார்கள். இதற்கு ஆணையத்தைக் குற்றம் சொல்ல முடியாது. "ஆணையம் தன் கடமையைச் செய்தது, வாக்காளர்கள்தாம் செய்யவில்லை" என்று அதன் தலைவர் பிரஸ்டன் ஹல்பர்ட்டே வாக்கெடுப்பு நாளன்று மதியம் எழுதிய முதல் அறிக்கையில் சொல்லியிருக்கிறார். காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருஷம் 'உங்களுக்குப் பணம் கிடையாது' என்று கடிதம் எழுதிய மனிதர். அவர் வாக்கியத்தில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் ஆகாது.

இத்தனைக்கும் காரணம் ஒரு பாலம். ஒரு வசந்தத்தில் பனி உருகிப் பெருகிய வெள்ளம், ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஆற்றின் மேலிருந்த எங்கள் ஒரே பாலத்தின் தூணைப் பிளந்துவிட்டது. பாலத்தின் இரு முனையிலும் தடுப்பு வைத்தார்கள். பழுது பார்க்கக் கடன் வாங்க வேண்டும், கடன் வாங்க மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும், அந்த ஓட்டு செல்ல வேண்டுமானால் வாக்காளர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். ஊரை நிறுவிய பெரியவர்கள் அப்படி எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

முதல் வாக்கெடுப்பை நகராட்சி நவம்பரில் வைத்தது. எந்த நாளில் என்றால், மான் வேட்டை தொடங்கிய வாரத்துச் செவ்வாய்க்கிழமையில். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் அந்த வாரம் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். ஊரே காட்டில் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஓட்டுச்சாவடிக்கு வந்தவர்கள் சில பாட்டிமார்களும், துப்பாக்கி உரிமம் பறிக்கப்பட்ட இரண்டு பேரும்தான். வாக்கெடுப்பு செல்லாமல் போயிற்று. மக்களுக்கு அரசியல் அக்கறை செத்துவிட்டது என்று நகராட்சி மன்றம் கண்ணீர் வடித்து, வாக்குப்பதிவு உயர்வு ஆணையத்தை அமைத்தது. ஏப்ரலில் மறுபடி ஓட்டு. இந்த முறையும் பாதிப் பேர் வராவிட்டால் பாலத்தை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு நகரத்துக்கு ஓர் அலங்கார வாயில் கட்டுவதென்று தீர்மானம். ஊருக்குள் வரமுடியாதவர்கள் நின்று பார்க்க ஏதாவது வேண்டுமல்லவா.

பாலம் யாருக்குப் போனாலும் போகாவிட்டாலும், என் பக்கத்து வீட்டு லோர்னா வெட்டருக்கு அது போகக்கூடாது. அவள் கணவன் கிளெம் அக்கரையில் இருந்தான்.

இந்தக் கிளெம்மும் லோர்னாவும் நாற்பது வருஷமாக ஒருவர் ஓட்டை ஒருவர் அழித்து வாழ்ந்தவர்கள். அவன் சிவப்புக் கட்சி, அவள் நீலக் கட்சி. எங்கள் நாட்டில் கட்சிக்குக் கொள்கை இருக்கிறதோ இல்லையோ, நிறம் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் இருவரும் ஒரே காரில் போய், ஒரே வரிசையில் நின்று, எதிரெதிராகக் குத்திவிட்டு, ஒரே காரில் திரும்புவார்கள். இருவரும் வீட்டிலேயே இருந்தாலும் கணக்கு அதேதானே என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். கிளெம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நான் வீட்ல இருந்தா அவ போயிடுவாப்பா" என்றான்.

அவர்கள் புல்வெளியில் நடைபாதைக்கு இந்தப்பக்கம் அவன் கட்சிப் பலகை, அந்தப்பக்கம் அவள் கட்சிப் பலகை. அக்டோபரில் அவள் பலகை நாலு விரல் உயரமாக இருக்கிறதென்று தோன்றி, கிளெம் தன் பலகையை மேப்பிள் மரத்தில் கட்ட ஏணியில் ஏறினான். பலகை மரத்தில் நின்றது, கிளெம் நிற்கவில்லை. இடுப்பெலும்பு போயிற்று. அக்கரையில் ஆற்றை ஒட்டி இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். எங்கள் கரையில் நின்று கத்தினால் அவன் ஜன்னலுக்குக் கேட்கும். ஆனால் போய்ச் சேர நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். லோர்னாவுக்குக் கண்புரை, நெடுஞ்சாலையில் ஓட்டமாட்டாள். ஞாயிறுதோறும் நான் ஓட்டிக்கொண்டு போனேன். என் மீன்பிடிப்பு நாசமாயிற்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"தினமும் ராத்திரி சாப்பாட்டுல சண்டை போட்டுப் பழகிட்டோம். இப்ப போன்ல போடுறோம். நல்லாவே இல்ல வெண்டல். நான் கோவமா எந்திரிச்சுப் போறது அந்தாளுக்குத் தெரியவே மாட்டேங்குது" என்றாள் லோர்னா ஒருநாள் என்னிடம். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஜலதோஷம் என்றாள்.

ஆணையம் முதல் வேலையாகத் தலைநகரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தது. டாக்டர் செலஸ்ட் வெயின்ரைட். மக்களின் அரசியல் சாய்மானத்தை அளப்பதில் நிபுணர். தாம் எந்தப்பக்கம் என்று தெரியாததால்தான் மக்கள் ஓட்டுப் போட வருவதில்லை என்பது அந்த அம்மாளின் கண்டுபிடிப்பு. வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்டார். வறுத்த தொத்திறைச்சிக்குக் கடுகுச் சாந்தை வெங்காயத்துக்கு முன் போடுவீர்களா, பின் போடுவீர்களா? பக்கத்து வீட்டு வாசலில் பனி விழுந்தால் நீங்கள் தள்ளுவீர்களா, அல்லது அவர் தள்ளுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பீர்களா? நாய் யார் பேச்சைக் கேட்கும்?

முடிவில் ஊர் சரிபாதியாக நின்றது. பாதி சிவப்பு, பாதி நீலம். ஆலோசகர் கவலைப்பட்டார். இவ்வளவு சமமாகப் பிரிந்த ஊரில் யாரும் யாரையும் வெறுக்காமல் இருப்பது புள்ளியியலுக்குப் பொருந்தவில்லை என்றும், மேலும் நிதி ஒதுக்கினால் சரிசெய்யலாம் என்றும் எழுதினார். ஒதுக்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சாய்மானத்தைக் குறித்து, முத்திரை குத்தி, ஓர் அட்டை வந்தது. லோர்னா வீட்டு அட்டையில் 'நடுநிலை' என்று இருந்தது. ஒன்றும் ஒன்றும் கழிந்து சூன்யம்.

லோர்னா அட்டையை எடுத்துக்கொண்டு நேரே ஆணையத்துக்குப் போனாள். "எங்க வீடா நடுநிலை? ஒருநாள் ராத்திரி சாப்பிட வாங்கம்மா. தட்டு பறக்கிறதப் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க" என்றாள்.

அட்டை இறுதியானது, மேல்முறையீடு கிடையாது என்றார் ஹல்பர்ட். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்ததாக, இதற்கு முன் ஒழுங்காக ஓட்டுப் போட்டவர்கள் எதற்காக வந்தார்கள் என்று ஆணையம் விசாரித்தது. இங்கேதான் விபரீதம். ஜனநாயகம், வரி, குழந்தைகளின் எதிர்காலம் என்று பதில் வரும் என எதிர்பார்த்தார்கள். பத்தில் ஏழு பேர் 'கேக்' என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஓட்டுச்சாவடி லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளம். ஓட்டுப் போட்டு வெளியே வந்தால் படிக்கட்டடியில் லோர்னாவின் கேக் மேஜை. துண்டு வாங்கிக்கொண்டு நின்றபடியே தின்று, பக்கத்து வீட்டுக்காரனைக் கேலி செய்துவிட்டுப் போவது எங்கள் ஊர்ப் பழக்கம். அவள் எப்போதும் இரண்டு வகைதான் செய்வாள். செர்ரி ஒன்று, புளூபெர்ரி ஒன்று.

"செர்ரி என்ன நிறம்?" என்று ஆணையக் கூட்டத்தில் ஹல்பர்ட் கேட்டார். எல்லோரும் தங்கள் விதிப்புத்தகத்தைத் தேடினார்கள்.

ஓட்டுச்சாவடியிலிருந்து நூறடிக்குள் பிரசாரம் செய்யக்கூடாது என்பது சட்டம். நாற்பது வருஷமாக, நூறடிக்குள், தட்டில் வைத்து, இரு கட்சிகளுக்கும் பகிரங்கப் பிரசாரம் நடந்திருக்கிறது. லோர்னாவுக்கு அழைப்பாணை போயிற்று. சாட்சியப் பொருள்களுடன் ஆஜராக வேண்டும்.

அவள் ஆறு கேக் சுட்டுக்கொண்டு போனாள். நானும் தூக்க ஆள் வேண்டுமென்று கூடப் போனேன். ஹல்பர்ட் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"மக்கள் ஓட்டுப் போட வரணும்கிறதுல இந்த ஆணையத்துக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா அவங்க சந்தோஷமா வர்றாங்கன்னு இப்ப தெரியவந்திருக்கு. அதை எப்படி அனுமதிச்சோம்னுதான் விசாரிக்கிறோம்."

பிறகு சாட்சியப் பொருள்களைப் பரிசீலித்தார்கள். செர்ரியை ஒரு துண்டு தின்றுவிட்டுத் தடை செய்தார்கள். புளூபெர்ரியை இரண்டு துண்டு தின்றுவிட்டுத் தடை செய்தார்கள். இரண்டையும் கலந்தால் என்ன என்று லோர்னா கேட்டாள். கலந்ததைத் தின்று பார்த்த ஆலோசகர், செர்ரியின் கை ஓங்கியிருக்கிறது, இது கூட்டணி தர்மமல்ல என்றார். கீரைப்பச்சை ஆப்பிள் போட்டது சுற்றுச்சூழல்காரர்களுக்குச் சாதகம். பூசணி ஏற்கெனவே ஏதோ ஒரு இயக்கம் எடுத்துக்கொண்ட நிறம். கடைசியில் தேங்காய்ப்பூ தூவிய வெள்ளைக் கேக். அதைப் பார்த்ததும் ஆணைய உறுப்பினர்கள் அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். எங்கள் நாட்டில் வெள்ளை நிறத்தை மட்டும் தூக்கிப்பிடித்தால் அது வேறு வில்லங்கம். ஆணையத்தின் வக்கீல் எழுந்து ஹல்பர்ட்டின் காதில் ஏதோ சொன்னார். அது விவாதமின்றித் தடை செய்யப்பட்டது. ஆனால் மிச்சம் வைக்காமல் தின்றார்கள். சாட்சியத்தை வெளியே விடக்கூடாதாம்.

"அப்ப என்ன நிறத்துலதான் சுடுறது?" என்றாள் லோர்னா.

"நிறமில்லாத நிறத்துல" என்றார் ஹல்பர்ட், வாயோரத்துப் பழச்சாற்றைத் துடைத்துக்கொண்டு. "சர்க்கரையும் வேண்டாம். இனிப்பா இருந்தா ஆசை காட்டினதாயிடும். ஜனங்க தன்னிச்சையா வரணும்."

ஆணையமே செய்முறை எழுதிக் கொடுத்தது. ஓட்ஸ், தண்ணீர், உப்பு. சாம்பல் நிறம். அதிகாரபூர்வ நடுநிலைக் கேக். என் நாய்க்கு ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். அது முகர்ந்துவிட்டு என்னை நீண்ட நேரம் பார்த்தது.

நிறம் என்று வந்துவிட்ட பிறகு ஆணையத்தால் நிறுத்த முடியவில்லை. நூறடி நாடாவைப் பிடித்துக்கொண்டு வட்டம் போட்டார்கள். தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளில் சிவப்பு அங்கி அணிந்த தேவதூதர்கள் இருந்ததால் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள். தெருவிலிருந்த நீலத் தபால்பெட்டியை உறை போட்டு மூடினார்கள். சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளை சிவப்பு என்பதால் அகற்றப்பட்டது. தீப்பிடித்தால் நடுநிலையாகப் பிடிக்கட்டும். முனையிலிருந்த 'நில்' பலகைக்குச் சாம்பல் சாயம் அடித்தார்கள். அன்று மாலையே அந்த முனையில் ஒரு லாரி நிற்காமல் வந்து ஹல்பர்ட்டின் காரை இடித்தது. வாக்காளர் விழிப்புணர்வு போதவில்லை என்பதை இது காட்டுகிறது என்றார்.

ஏப்ரல் செவ்வாய் வந்தது. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தது. முதல் ஆளாக வந்த பால்பண்ணைக்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் நீல ஜீன்ஸ் போட்டிருந்தார்.

கெட்டில்பர்க்கில் ஜீன்ஸ் போடாதவர்கள் பாதிரியாரும் ஹல்பர்ட்டும்தான். வந்தவர்களை எல்லாம் வேறு உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஒருவர் மட்டும் வந்தார், மனைவியின் பழுப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு. அவரை உதாரண வாக்காளர் என்று படம் எடுத்தார்கள்.

மதியத்துக்குள் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஆணையம் அவசரக் கூட்டம் போட்டது. இடமில்லாததால் ஓட்டுச்சாவடியின் நடுவிலேயே நாற்காலிகளைப் போட்டு, மக்கள் ஏன் வரவில்லை என்று விவாதித்தார்கள். வந்த இரண்டொருவர் வழியில்லாமல் திரும்பிப்போனார்கள்.

லோர்னா தன் சாம்பல் கேக் மேஜைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே ஆறு. அதற்கு அப்பால் பராமரிப்பு இல்லத்தின் கூரை. திடீரென்று சமையல் ஏப்ரனை அவிழ்த்து வைத்தாள்.

"வெண்டல், அந்த நூறடி வட்டத்துக்கு எல்லைக் கட்டை எங்க வெச்சிருக்காங்க? அதுக்கு ஒரு அடி அந்தப்பக்கம் என்ன இருக்கு?"

பாலத்தின் தடுப்பு இருந்தது.

அவள் வீட்டில் குளிர்பெட்டி நிறையப் போன கோடையின் செர்ரியும் புளூபெர்ரியும் கிடந்தன. பிற்பகல் முழுக்கச் சுட்டாள். நான் சுமந்தேன். பாலத் தடுப்பை ஒட்டி மேஜை போட்டு, சூடு பறக்க வரிசையாக அடுக்கினோம். ஆற்றுக்காற்று வாசனையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போயிற்று. சற்று நேரத்தில் ஜீன்ஸ் போட்ட ஒரு கூட்டம் வந்து நின்றது.

ஹல்பர்ட் ஓடிவந்தார். நாடாவைப் பிடித்தார். இரண்டுமுறை பிடித்தார். மேஜை சட்டத்துக்கு வெளியே இருந்தது.

"ஓட்டுப் போட்டவங்களுக்குத்தான் கேக்குன்னு சொல்றீங்களா? அது லஞ்சம்" என்றார்.

"ச்சே ச்சே. யாருக்கு வேணும்னாலும் தரேன். தட்டும் முள்கரண்டியும்தான் சர்ச் கீழ்த்தளத்துல இருக்கு. என்னால தூக்க முடியல. அவங்கவங்களே போய் எடுத்துக்கட்டும்."

கீழ்த்தளத்து அடுக்களைக்கு ஓட்டுச்சாவடி வழியாகத்தான் போகவேண்டும். முள்கரண்டிக்கு நிறமில்லை. ஹல்பர்ட் தன் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முள்கரண்டியைப் பற்றி ஊரை நிறுவியவர்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜீன்ஸ்தான் பாக்கி. அதற்கும் லோர்னா வழி வைத்திருந்தாள். தேவாலயப் பாடகர் குழுவின் கறுப்பு அங்கிகளை வாசல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். அப்புறம் நான் கண்ட காட்சியை என் ஆயுளில் மறக்கமாட்டேன். வெல்டிங் பட்டறைக்காரர்கள், பால்பண்ணைக்காரர்கள், மதுக்கடையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் நாலுபேர் எல்லோரும் கணுக்கால்வரை அங்கி அணிந்து, கை கட்டி, வரிசையில் நகர்ந்தார்கள். உள்ளே போகிறவன் அங்கியோடு போவான். வெளியே வருகிறவன் முள்கரண்டியோடு வந்து அங்கியை அடுத்தவனுக்குப் போடுவான். உள்ளே வந்துவிட்டோமே என்று ஓட்டையும் போட்டுவிட்டார்கள். வழியாகப் போன வெளியூர்க்காரர் ஒருவர் யாருக்கு இவ்வளவு பெரிய இழவு என்று தொப்பியைக் கழற்றி நின்றார்.

சாயங்காலம் நகராட்சிச் செயலர் அம்மாள் படியேறி வந்து, பாதியை நெருங்கிவிட்டது, ஆனால் தொடுமா தெரியவில்லை என்றார். லோர்னா என் கைபேசியை வாங்கிக்கொண்டு தடுப்போரமாகத் தள்ளிப்போய், அக்கரையைப் பார்த்தபடி ஏதோ பேசினாள். ரொம்பக் கொஞ்ச நேரம்தான்.

கதவு மூட எட்டு மணி. அதற்குச் சற்று முன்பு கேக் தீர்ந்தது, கூட்டமும் தீர்ந்தது. செயலர் மறுபடி வந்தார். முகம் நன்றாக இல்லை. ஒரே ஒரு ஓட்டு குறைகிறது.

யார் போடவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹல்பர்ட் அலங்கார வாயிலின் வரைபடத்தை ஆசையாக விரித்தார்.

அப்போது நெடுஞ்சாலைப் பக்கமிருந்து பராமரிப்பு இல்லத்தின் வேன் வந்து, சாம்பல் பலகை முனையில் நிற்காமல் திரும்பி, தேவாலய வாசலில் நின்றது. சக்கர நாற்காலியோடு கிளெம் இறங்கினான். தலையில் சிவப்புத் தொப்பி. மடியில் இல்லத்தின் நீலப் போர்வை.

"நில்லுங்க" என்றார் ஹல்பர்ட். "தொப்பி சிவப்பு."

"கழட்டமாட்டேன்" என்றான் கிளெம். "கல்யாணத்துக்கே கழட்டல."

"போர்வை நீலம்."

"அதையும் கழட்டமாட்டேன். உள்ள ஒண்ணும் போடலய்யா, அவசரமா வந்தேன்."

வக்கீலைக் கூப்பிட்டார்கள். மேலே சிவப்பு, கீழே நீலம், இதற்கு என்ன விதி என்று கலந்தார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. லோர்னா கைப்பையைத் திறந்து, முத்திரை குத்திய அட்டையை எடுத்து ஹல்பர்ட்டின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நடுநிலை. நீங்களே குடுத்தது. மேல்முறையீடு கிடையாதுன்னும் சொன்னீங்க."

ஆலோசகர் அட்டையை வாங்கிப் பார்த்து, முத்திரை சரிதான் என்றார். தம் முத்திரையைத் தாமே மறுத்தால் அடுத்த ஊரில் வேலை கிடைக்காது.

நாலுபேர் தூக்கிப் படியிறக்க, நாற்காலி கீழ்த்தளத்துக்குள் உருண்டது. மறைப்புக்குள்ளிருந்து கிளெம்மின் குரல் தேவாலயம் முழுக்கக் கேட்டது.

"வேண்டாம்னு குத்திட்டேன். கேக்குதாடி லோர்னா? பாலமே வேண்டாம்னு குத்திட்டேன்."

இயந்திரம் சீட்டை விழுங்கியது. பாதி நிறைந்தது. வாக்கெடுப்பு செல்லும் என்று செயலர் அறிவித்தார். எண்ணிப் பார்த்தபோது பாலம் வேண்டும் என்று ஊரே போட்டிருந்தது. வேண்டாம் என்று விழுந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று இல்லாவிட்டால் பாலமும் இல்லை.

ஆணையம் வெற்றி அறிக்கை வெளியிட்டது. நடுநிலைக் கேக்கே இந்த உயர்வுக்குக் காரணம் என்று வரைபடத்துடன் நிறுவியிருந்தார்கள். ஹல்பர்ட் இப்போது மற்ற ஊர்களுக்குப் போய்ச் சாம்பல் கேக் பற்றிப் பேசுகிறார். ஆணையம் நிரந்தரமாக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் பாலம் திறந்தபோது சாம்பல் நிற நாடாவை வெட்டி அவர் சொன்னார்: "இந்தப் பாலம் எந்தக் கரையையும் சார்ந்ததல்ல என்பதை ஆணையம் உறுதி செய்யும்." கைதட்டினோம். கைதட்டினால்தான் முடிப்பார்.

கிளெம் கோலை ஊன்றி நடந்தே பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தான். தான் எதிர்த்துப் போட்டதால்தான் பாலம் கிடைத்தது என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். லோர்னா மறுக்கவில்லை.

அன்று என் கைபேசியில் என்ன பேசினாள் என்று பிறகு அவளே சொன்னாள். பாலத்துக்காக இந்த ஒருமுறை மட்டும் ஓட்டுப் போடாமல் விட்டுக்கொடுப்பதென்று கிளெம் படுத்திருந்தானாம். எதிர்த்துப் போட வராமலிருப்பதே அவன் அவளுக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டு. அவள் இவ்வளவுதான் சொன்னாளாம்: "நான் வேணும்னு குத்திட்டேன் கிளெம். நீ வராம இருக்கிறது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா. நாற்பது வருஷத்துல இன்னிக்குத்தான் என் ஓட்டு எனக்குன்னு இருக்கு." வைத்துவிட்டாள்.

ஆணையத்தின் அறிக்கையில் இந்த உத்தி இடம்பெறவில்லை.

நேற்றுக் காலை மீன்தூண்டிலோடு அவர்கள் வீட்டைக் கடந்து போனேன். அடுத்த தேர்தல் வருகிறது. மேப்பிள் மரத்தில் ஏணி சாத்தியிருந்தது. உச்சியில் கிளெம் சிவப்புப் பலகையைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி லோர்னா நின்றாள்.

"கோணலா இருக்கு" என்று கத்தினாள். "கட்டுறதுதான் கட்டுறே, ஒழுங்கா கட்டு. இன்னும் ஒரு படி கீழ இறங்கு."

"இறங்கினா உன் பலகை உயரமாயிடும்."

"ஆமா" என்றாள் லோர்னா, ஏணியை விடாமல்.